பாதைக்குத் தண்டையலான மீனம்மா

கண்டல்தொடுவாயில் பாதை என்றால் தெரு அல்ல. நீரேரிக்குக் குறுக்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் பெரிய மிதவைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். "பாதை அக்கரையிலை நிக்குது, கொஞ்சம் பொறுங்கோ" என்று யாராவது சொன்னால், புதிதாக வந்தவர் காலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். ஊர்ச் சனம் சிரிக்கும்.

முன்பு அங்கே ஒரு பாலம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அது உடைந்து தூண்கள் மட்டும் மிஞ்சின. நீர்க்காகங்கள் அவற்றில் ஏறியிருந்து இறக்கையை விரித்துக் காயவைத்தன. சனம் வள்ளத்தில் போய்வந்து பார்த்தது. மாட்டுவண்டியையும் உழவு இயந்திரத்தையும் வள்ளத்தில் ஏற்ற முடியவில்லை. ஊர்ச் சங்கம் கூடி வெறும் தார்ப் பீப்பாக்களைச் சேர்த்துக் கட்டியது. ரயில் ஓடாமற்போன தண்டவாளத்திலிருந்து வந்த சிலிப்பர் கட்டைகளை அதன்மேல் அடுக்கி ஆணி அறைந்தது. வடகரைப் புளியமரத்திலிருந்து தென்கரையில் நட்ட தூண்வரை கைமொத்தத்தில் ஒரு வடம் கட்டினார்கள். பாதையின் ஓரத்து வளையங்களுக்குள்ளால் அந்த வடம் போகும். மூன்று பேர் வரிசையாக நின்று வடத்தைப் பிடித்து இழுத்தால் பாதை ஊர்ந்து போகும். பின்பக்கத்தில் நீண்ட மரக்கோலோடு நின்று, எதை எங்கே ஏற்றுவது, காற்றுக்கு எப்படித் திருப்புவது, எப்போது புறப்படுவது என்று சொல்பவர் தண்டையல். அந்த வேலையை வீரபாகு பார்த்தார். கடலில் வளர்ந்தவர். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் அக்கரைக்குக் கேட்கும்.

மீனம்மா அந்தப் பாதைக்கு முதலில் பயணியாகத்தான் வந்தாள்.

பதினேழு வயதுவரை மீனம்மாவுக்குத் தண்ணீர் என்றால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் விழும் பீலித் தண்ணீர்தான். குடத்தை வைத்தால் நிறையும், தலையைக் கொடுத்தால் குளிக்கலாம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவர்களுடைய தோட்டத்து லயங்கள் எரிந்தன. குடும்பத்தோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தாள். நீரேரியை முதன்முதலில் பார்த்தபோது, "இவ்வளவு தண்ணிய யாரு ஊத்தினது?" என்று கேட்டதாக அவளுடைய புருஷன் பழனியாண்டி இன்றைக்கும் சொல்வான். அவள் மறுப்பாள். அவனும் அதே லொறியில் வந்தவன்தான்.

வடகரையில் காட்டை வெட்டி இருவரும் குடிசை போட்டார்கள். பழனியாண்டி மிளகாய் போட்டான். மீனம்மா தென்கரைக் கச்சான் கடலைத் தோட்டங்களுக்குக் களை பிடுங்கப் போனாள். விடிந்தால் பாதை, பொழுது சாய்ந்தால் பாதை.

அவளுக்குச் சும்மா நிற்க வராது. பாதை மெல்ல ஊரும்போது மற்றவர்கள் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். இவள் போய் வடத்தைப் பிடித்துவிடுவாள்.

"பிள்ளை, கையை எடு. வடம் கையைத் தின்னும்" என்று முதல்நாள் வீரபாகு சத்தம் போட்டார்.

"ஏங் கையத் திங்க இதுக்குப் பல்லு பத்தாதுங்க" என்றாள் மீனம்மா. சொல்லிவிட்டு இழுத்தாள்.

அதற்குப் பிறகு நாளாந்தம் இழுத்தாள். இழுக்கும்போது சும்மா இழுக்காமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இழுத்தாள். பாதையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் அதற்குள் வந்துவிடுவார்கள்.

"சங்கக்கடைச் சீனி எங்கே?"

"இழு!" என்பார்கள் இழுப்பவர்கள்.

"ரீச்சர் வீட்டுக் கோழி எங்கே?"

"இழு!"

"மாப்பிள்ளைக்கு மீசை எங்கே?"

இதற்கு "இழு" சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் அன்றைக்குப் பெண்பார்க்கப் போகிற பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் மீனம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அவள் வராத நாள்களில்தான் சனத்துக்கு விஷயம் விளங்கியது. பாதை நகரமாட்டேன் என்று நின்றது. இழுப்பவர்களில் ஒருவன் ஏற்கெனவே வவுனியாப் பக்கம் போய்விட்டிருந்தான். மிச்ச இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் ஆசிரியர்கள் நீரேரியின் நடுவில் நின்றார்கள். "அந்த மீனம்மாவை ஒருக்கா எழுப்பி விடுங்கோவன்" என்று சங்கத் தலைவி கமலாசனி ரீச்சரே ஆள் அனுப்பினார். காய்ச்சல் விட்டதும் அவளைச் சங்கம் கூப்பிட்டு வேலைக்கு எடுத்தது. மலைநாட்டிலிருந்து வந்த பெண் பாதை இழுக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே சிலர் அக்கரை போய்வந்தார்கள்.

அந்த வருஷங்கள் எல்லாம் பாட்டும் சிரிப்புமாகப் போகவில்லை. சில நாள்களில் கிளிநொச்சிப் பக்கமிருந்தும் மாங்குளம் பக்கமிருந்தும் சனம் சண்டைக்குத் தப்பி அள்ளுப்பட்டு வரும். கதவு, நிலை, ஓடு, கோழி, கட்டிலில் கிடத்திய கிழவர் என்று எல்லாம் பாதையில் ஏறும். அப்படியான நாள்களில் மீனம்மா வாயைத் திறக்கமாட்டாள். கை மட்டும் ஓயாமல் இழுக்கும். கரை சேர்ந்ததும் கோழிக்கூட்டையோ குழந்தையையோ தான் வாங்கி இறக்கிவிட்டு, "அந்தா அந்தப் புளியமரத்தடியில தண்ணி இருக்குங்க, குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்வாள்.

மற்ற நாள்களில் பாதை ஒரு சந்தைபோல இருந்தது. மிளகாய் மூட்டைகளும் சைக்கிள்களும் மீன்பெட்டிகளும் வரும். பாதி வழியில் மிரண்டு எசமானுக்கு முன்பே கரைக்குப் பாயும் நாம்பன் மாடுகள் வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கராசாவின் கார் வரும்.

கார் ஏறும் பாதை என்று சங்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், அந்தக் கரையோரத்தில் ஓடிய கார் அது ஒன்றுதான். தங்கராசாவின் தகப்பன் காலத்து ஒஸ்ரின் ஏ-40. கல்யாணமோ பிரசவமோ கோயிலோ, ஊருக்கு அதுதான் கார். பெற்றோல் கிடைக்காத காலம். மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவான். கார் வருவதற்கு முன்பே புகை வந்துவிடும். ஒருமுறை நின்றால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு என்பதால், பாதையில் ஏறிய பிறகும் அவன் இயந்திரத்தை நிற்பாட்டமாட்டான்.

"தங்கராசா, எஞ்சினை நிப்பாட்டு. சனத்துக்கு மூச்சு முட்டுது" என்பார் வீரபாகு.

"நிப்பாட்டினா நீங்கள்தான் அண்ணை வட்டாப்பளைக் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டு வரவேணும்" என்பான் தங்கராசா.

ஒவ்வொரு முறையும் இதே சண்டை. இருவரும் வெற்றிலைப் பையை மாற்றிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

இப்படியே போய், இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு தை மாதம் வீரபாகுவுக்கு இடுப்போடு நாரி பிடித்துக்கொண்டது. மரக்கோலை ஊன்றிக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. அப்படியே குனிந்த வாக்கில் கரைக்குக் கூட்டிவந்தார்கள். பரியாரியார் எண்ணெய் தடவிவிட்டு, "இனி மரக்கோல் பிடிக்கேலாது" என்று சொல்லிவிட்டார்.

சங்கம் கூடியது. புதிய தண்டையல் யார் என்று பேசவேண்டிய கூட்டம். வீரபாகு கதிரையில் சாய்ந்தபடியே சொன்னார்: "இதிலை கதைக்க என்ன இருக்கு? மீனம்மாதான். காத்து மாறுறது எனக்குக் காதிலை தெரியும், அவளுக்குக் கையிலையே தெரியும். வடம் கொஞ்சம் இறுகினாலே, 'ஐயா, மேக்கால திருப்புங்க' எண்டு சொல்லுவாள்."

ஒரு பெண் தண்டையலாவதா என்று பின்வரிசையில் ஒருவர் இழுத்தார். "உங்கடை மிளகாய் மூட்டையை இவ்வளவு நாளும் ஆர் இழுத்துக் கரை சேர்த்தது?" என்று யாரோ கேட்க, அவர் அடங்கிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மீனம்மா தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழனியாண்டி, கைதட்டு எல்லாம் தனக்குத்தான் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி இருந்தான்.

கமலாசனி ரீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சும்மா ஒரு ஒழுங்குக்காகக் கேட்டார்: "தண்டையலுக்கு நீந்தத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு சங்கத்திலை ஒரு விதி இருக்குது. நீந்துவீங்கள்தானே மீனம்மா?"

மீனம்மா நிமிர்ந்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"தெரியாதுங்க."

 கூட்டம் கூரை பறக்கச் சிரித்தது. வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. நாரியை மறந்து பாதி எழும்பிவிட்டார்.

"அஞ்சாறு வரியமா என்ரை பாதையிலை நீந்தத் தெரியாமலோ நிண்டனி?"

"நடுவுலதானங்க நின்னேன்."

அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. மீனம்மா ஒருநாளும் பாதையின் விளிம்பில் நின்றதில்லை. இழுக்கும்போதும் மற்ற இருவருக்கும் நடுவில், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளித்தான் நிற்பாள். பயணிகள் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால், "காலத் தூக்குங்க, மீனு கடிக்கும்" என்று அதட்டுவாள். நீரேரி மீன் எப்போது மனிதரைக் கடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கமலாசனி ரீச்சர் சிரிப்பை அடக்கி ஒரு வழி சொன்னார். வைகாசியில் வட்டாப்பளை அம்மன் பொங்கல் வருகிறது. சனம் அலைமோதும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மீனம்மா வடகரையிலிருந்து தென்கரைக்கு நீந்திக் காட்டவேண்டும். அதுவரை வீரபாகு கரையில் கதிரை போட்டு இருந்து சத்தம் மட்டும் போடட்டும்.

 வீட்டு வாசல் படலையைத் திறக்கும்போது பழனியாண்டி சொன்னான்: "ஏம் புள்ள, பேசாம விட்டுரு. கயிறு இழுத்தது போதும். தண்ணிக்குள்ள போயி என்னா செய்யப் போற?"

"கத்துக்கப் போறேன்" என்றாள் மீனம்மா. "நீயுந்தான் நாலு பேருக்கு முன்னால நெஞ்ச நிமித்திட்டுல்ல இருந்த? அத இனிக் குனிய வைக்க முடியுமா?"

ஜெகதீஸ்வரியிடம் போனாள். ஜெகதீஸ்வரி நீரேரியில் இறால் தடவும் பெண். இடுப்பில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, காலாலேயே இறாலைக் கண்டுபிடிப்பாள். மீனம்மாவைவிடப் பத்து வயது இளையவள். சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவள். விஷயத்தைக் கேட்டதும் மணலில் உட்கார்ந்து சிரித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.

"வாங்கோ அக்கா. தண்ணிக்கு உங்களைப் பிடிக்காட்டி, தானே தூக்கி வெளியிலை போடும்."

பனி குறைந்த மாசி மாதத்துப் பின்னேரங்களில் பாடம் தொடங்கியது. பழனியாண்டியின் பழைய சேட்டும் தன் பாவாடையுமாக மீனம்மா தண்ணீரில் இறங்கினாள். இடுப்பில் இரண்டு வெறும் மண்ணெண்ணெய்க் கான்களைக் கட்டிவிட்டாள் ஜெகதீஸ்வரி. கான்கள் மிதந்தன. மீனம்மாவின் தலை மட்டும் கீழே போனது. மூக்காலும் வாயாலும் உப்புநீர் குடித்து, எழும்பி, இருமி, "என்னடி இது, கறிக்கு உப்புப் போட வேண்டாம் போல" என்றாள். ஜெகதீஸ்வரி சிரித்த சிரிப்பில் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். மீனம்மா திரும்பவும் கீழே போனாள்.

பழனியாண்டி கரையில் குந்தியிருந்து கற்பித்தான். "கால அடி புள்ள! கைய வீசு! தலைய மேல தூக்கு!" அவனுக்கும் நீந்தத் தெரியாது. ஆனாலும் நாள் தவறாமல் வந்தான், தவறாமல் கத்தினான். ஒருநாள் மீனம்மா தண்ணீருக்குள் நின்றபடி அவனைப் பார்த்தாள்.

"எறங்கி வந்து சொல்லேன்."

"எனக்குச் சளி."

"ஒனக்கு எப்பவும் சளிதான்" என்றாள் மீனம்மா. அவளும் ஜெகதீஸ்வரியும் சேர்ந்து அவன்மேல் தண்ணீரை அள்ளி வீசினார்கள். அவன் சாறத்தை மடித்துக்கொண்டு ஓடினான்.

பங்குனி முடிவதற்குள் கான்கள் இரண்டும் ஒன்றாயின. சித்திரை பிறந்த பிறகு ஒரு பின்னேரம், காற்று விழுந்து நீரேரி எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஜெகதீஸ்வரி கடைசிக் கானையும் அவிழ்த்துவிட்டாள். "மல்லாந்து படுங்கோ. பாயிலை படுக்கிற மாதிரி. ஒண்டும் செய்யாதேங்கோ."

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் மீனம்மாவுக்குத் தெரியாத வேலை. சும்மா நிற்கவே வராதவள் சும்மா கிடக்க வேண்டும் என்றால் எப்படி? கை தானாக அடித்தது, கால் உதைத்தது, உடம்பு தாழ்ந்தது. பலமுறை இப்படி. பிறகு, களைத்துப்போன ஒரு கணத்தில், போனால் போகட்டும் என்று விட்டாள். காதுக்குள் நீர் புகுந்தது. ஊர்ச் சத்தமெல்லாம் அணைந்துபோனது. வானம் மட்டும் தெரிந்தது. அதில் ஒரு கொக்கு. தன் உடம்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது அவளுக்கு விளங்க, பயம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு கிடந்தாள். வரவில்லை. இத்தனை காலமும் தான் கையால் இழுத்துக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது தன்னைத் தாங்குகிறது என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தவுடன் தாழ்ந்தாள். எழும்பி நின்று, தலைமயிரிலிருந்து நீர் ஒழுக, கரையைப் பார்த்துக் கத்தினாள்:

"பாத்தியா? பாத்தியா நீ?"

பழனியாண்டி பார்த்திருந்தான். தலைத்துண்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வடகரையில் சனம் கூடிவிட்டது. ஐஸ்பழக்காரன் சைக்கிளோடு வந்துவிட்டான். கமலாசனி ரீச்சர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வீரபாகு கதிரையில். பாதையை இழுக்கும் இரண்டு பேரும், மீனம்மா வந்து சேரும்போது கைகொடுத்துத் தூக்குவதற்கென்று, முன்கூட்டியே பாதையைத் தென்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, அங்கே தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்தார்கள்.

மீனம்மா அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். வைகாசியில் நீர் வற்றியிருந்தது. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தே போகலாம். "நடக்கிறது கணக்கில்லை!" என்று ஒருவர் கத்தினார். அவள் முழங்காலளவு தண்ணீரிலேயே விழுந்து நீந்தத் தொடங்க, வயிறு சேற்றில் இழுபட்டது. சனம் சிரித்தது. பிறகு ஆழம் வந்தது, சிரிப்பு நின்றது. அவளுடைய கைகள் அவசரமில்லாமல் ஒன்றின்பின் ஒன்றாகப் போயின. ஜெகதீஸ்வரி கரையோரத்தில் இடுப்பளவு நீரில் நின்று, தானே நீந்துவதுபோல மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

நடு ஆழத்துக்கு அவள் போய்க்கொண்டிருந்த நேரம், தென்கரையில் புகை எழும்பியது. தங்கராசாவின் கார். அம்மன் கோயிலுக்கு நாதஸ்வரக்காரர் ஒருவரையும் தவில்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பாதை கரையில் நிற்கிறது, பலகையும் போட்டிருக்கிறது, ஆட்களைத்தான் காணவில்லை. இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் காத்திருக்க அவனால் முடியாது. ஏறி ஆயத்தமாக நிற்பம் என்று காரைப் பாதைமேல் விட்டான். கார் ஏறிய உலுக்கலில், அவசரத்தில் போட்டிருந்த முடிச்சு கழன்றது. பின்னால் தெற்கிலிருந்து சோளகக்காற்று. பாதை ஒரு சத்தமும் இல்லாமல் கரையை விட்டுப் புறப்பட்டது.

கடையிலிருந்து இழுப்பவர்கள் ஓடிவருவதற்குள் கரைக்கும் பாதைக்கும் நடுவில் ஆழம் விழுந்துவிட்டது. பாதை வளையங்களோடு வடத்தைப் பிடித்தபடி நீரேரிக்குள் வந்துகொண்டிருந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தபோது ஒரு ஓரம் தாழ்ந்தது. காரின் சில்லுகள் உருளாமலிருக்கக் கட்டை போடவில்லை. தங்கராசா பிறேக்கில் ஏறி நிற்காத குறை. காலை எடுக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஹோனை அமத்திக்கொண்டே இருந்தான். வாத்தியக்காரர் இருவரும் பயத்தில் ஒரே கதவால் இறங்கி, தாழ்ந்த பக்கத்திலேயே போய் நின்றார்கள். அது இன்னும் தாழ்ந்தது.

வடகரையில் சனம் கூக்குரல் போட்டது. வீரபாகு கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

மீனம்மா ஹோன் சத்தத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாதை தன்னை நோக்கி வருகிறது. அவள் சோதனையை நினைத்தாளோ இல்லையோ தெரியாது. திரும்பி, அதற்குக் குறுக்கே நீந்தி, பீப்பாக் கயிற்றைப் பிடித்து, வயிறு உராய மேலே ஏறினாள். நீர் ஒழுக எழும்பி நின்ற வேகத்திலேயே குரல் வந்தது. வீரபாகுவின் குரலைப் போலவே அதுவும் இரண்டு கரைக்கும் கேட்டது.

"மேளக்காரய்யா! ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க! அந்தப் பக்கம்! தவில வச்சிட்டுப் போங்க!"

அவர்கள் போனார்கள். தவிலையும் தூக்கிக்கொண்டே போனார்கள். பாதை நிமிர்ந்தது. மீனம்மா மூலையில் கிடந்த கட்டைகளை எடுத்து, முன்சில்லுக்கு இரண்டு பின்சில்லுக்கு இரண்டு செருகி, காலால் உதைத்து இறுக்கினாள்.

"தங்கராசாண்ணே, இப்ப கால எடுங்க. எஞ்சின நிப்பாட்டுங்க."

"பேந்து ஸ்ராட் வராது, மீனம்மா..."

"நிப்பாட்டுங்கன்னா நிப்பாட்டுங்க!"

தங்கராசா நிற்பாட்டினான். அந்தப் பாதைமேல் அவன் இயந்திரத்தை நிற்பாட்டியது அதுதான் முதல் முறை. திடீரென்று வந்த அமைதியில் நீர் பீப்பாக்களில் மோதும் சத்தம் கேட்டது.

மீனம்மா வடத்தைப் பிடித்தாள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து பிடித்தார். தங்கராசாவும் இறங்கி வந்தான். தவில்காரருக்கு நடுக்கம் இன்னும் விடவில்லை. சும்மா நின்றால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

"ஐயா, நீங்க அடிங்க" என்றாள் மீனம்மா. "நாங்க இழுக்கிறோம்."

அவர் அடித்தார். முதலில் தடுமாறி, பிறகு ஒழுங்காக. அந்த அடிக்குக் கை தானாக வடத்தில் போனது.

"தங்கராசாண்ணே மூள எங்கே?"

"இழு!" என்றார் நாதஸ்வரக்காரர். தங்கராசாவும் வேறு வழியில்லாமல் "இழு!" என்றான்.

தவில் முழங்க, கார் நடுவிலே நிற்க, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெண் முன்னால் நின்று இழுக்கப் பாதை வடகரைக்கு வந்தது. சாமி ஊர்வலத்தைப் பார்ப்பதுபோலச் சனம் வழிவிட்டு நின்றது. பழனியாண்டி இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்து பாதையைப் பிடித்துவிட்டான். தான் தண்ணீரில் நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவேயில்லை.

கார் இறங்கியதும் வழக்கு ஆரம்பமானது. பாதி தூரம்தான் நீந்தினாள், மிச்சப் பாதியைப் பாதையில் வந்தாள், அதுவும் வந்த வழிக்கே. சோதனையில் தேறினாளா, இது சித்தியா இல்லையா? ஒருவர் சித்தி என்றார். ஒருவர் அரைவாசிச் சித்தி என்றார். "இதைவிடத் தண்டையலுக்கு என்ன சோதனை வைக்கப் போறியள்?" என்று வீரபாகு கொதித்தார். ஐஸ்பழக்காரன்கூட அபிப்பிராயம் சொன்னான். கமலாசனி ரீச்சர் குடையைச் சுருக்கினார்.

"என்னைப் பொறுத்தமட்டிலை இது சித்திதான். ஆருக்கும் மறுப்பிருந்தால்..."

"இருங்க ரீச்சர்" என்றாள் மீனம்மா. முகத்திலிருந்து தண்ணீரைத் துடைத்தாள். "நாளைக்கு ஒருத்தரு வந்து, பாதிதான நீந்துனேன்னு சொல்லக்கூடாது. ஒருக்காப் போயிட்டு வர்றேன்."

கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொல்லிவிட்டு, திரும்பி இறங்கிவிட்டாள். தவில்காரர் கோயிலுக்கு நேரமாகிறது என்பதை மறந்து கரையில் நின்று அடித்தார். நாதஸ்வரமும் உறையிலிருந்து வெளியே வந்தது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி நீரேரிக்கு மேலாகப் போனது. மீனம்மா அவசரப்படவில்லை. நடுவில் ஒருமுறை மல்லாந்து படுத்துக் களை ஆறினாள். இரண்டு கரையிலும் நின்றவர்கள் நெஞ்சில் கையை வைத்தார்கள். ஜெகதீஸ்வரி மட்டும், "அவா படுத்திருக்கிறா, பயப்பிடாதேங்கோ" என்று பெருமையோடு விளக்கினாள். தென்கரையில் காத்திருந்த இரண்டு பேரும் கைகொடுக்க வந்தபோது, வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, தானே நடந்து கரையேறினாள். ஏறியதும் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.  சிரித்தாளா அழுதாளா என்று அந்த இருவராலும் சொல்ல முடியவில்லை.

தங்கராசாவின் காரை வட்டாப்பளைத் தெருவரை சனம் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு மருந்துப் போத்தலின் கடைசிச் சொட்டில் கிளம்பியதாம்.

மறுநாள் திங்கட்கிழமை அம்மன் பொங்கல். விடியும்போதே இரண்டு கரையிலும் சனம். பொங்கல் பானையும் விறகுமாக, காவடியும் வேப்பிலையுமாக, வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகளாக வந்துகொண்டே இருந்தார்கள். மீனம்மா பின்பக்க ஓரத்தில், தண்ணீருக்கு மிக அருகே, மரக்கோலோடு நின்றாள். "பானக்காரங்க நடுவுல. சைக்கிள் எல்லாம் இந்தப் பக்கம். அம்மா, புள்ளையக் கையில பிடிங்க." புதிதாகச் சேர்ந்த ஆளோடு மூன்று பேர் வடத்தில் நின்றார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, பாதையில் ஏறிய அத்தனை சனமும் கைபோட்டு இழுத்தது. பழனியாண்டி மிளகாய்த் தோட்டத்தை அன்றைக்கு மறந்துவிட்டு, ஒவ்வொரு பயணத்திலும் போவதும் வருவதுமாக இருந்தான். யாராவது புதியவர் வந்தால், அவர்கள் கேட்காமலே, "அது நம்ம வீட்டு ஆளுதான்" என்றான்.

பின்னேரம் வீரபாகு வந்தார். வேட்டி சால்வையோடு, நாரியில் துணி கட்டி, கோயிலுக்குப் போக. அவருக்கு நடுவில் ஒரு பெட்டியைப் போட்டு இருத்தினார்கள். பாதை புறப்பட்டதும் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேக்காலை காத்து எழும்புது. கொஞ்சம் திருப்பு. அந்தக் காவடியை அங்காலை தள்ளச் சொல்லு. கோலை இன்னும் ஆழமா ஊண்டு."

மீனம்மா மரக்கோலை ஊன்றினாள். பாதை ஏற்கெனவே திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

"ஐயா" என்றாள், மிகவும் மரியாதையாக. "பயணம் வர்றவங்க தண்டையலோட பேசக்கூடாதுங்க."

பாதை முழுவதும் சிரித்தது. வீரபாகு சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவரும் சிரித்து, வாயை மூடிக்கொண்டு, காலை நீட்டிச் சௌகரியமாக இருந்து, வாழ்நாளில் முதன்முறையாக நீரேரியைப் பார்த்துக்கொண்டே அக்கரை போனார்.